தேவர்களின் காதலும் பிரெஞ்சு ஓவியரும்

வானொலியில் ஓவியத்தைப் பற்றிப் பேசுவது சற்றுக் கடினமான பணியே. கேட்போரின் கண்முன்னே படம் இல்லை. பேசுவோனின் சொல்லே கோடும் வண்ணமும் ஆக வேண்டியிருக்கிறது. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள ஓவியங்களுக்கு இம்முறை ஒருவகையில் பொருத்தமானதே எனலாம். இவற்றைக் கண்ணால் மட்டும் கண்டவர் பாதியே கண்டவராவர். இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பழங்கதை நிற்கிறது. அக்கதையைச் செவியால் கேட்ட பின்னரே, ஓவியர் எதனைக் காட்டினார், எதனைக் காட்டாது விட்டார் என்பது நமக்கு விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டிலே, பெரும்பாலும் பதினைந்தாம் லூயி மன்னன் அரியணையில் இருந்த 1715 முதல் 1774 வரையிலான காலத்தில், ஒரு தனி ஓவியப் பாணி தழைத்தோங்கியது. அதனை ரொக்கோக்கோ என்று வழங்குகின்றனர். தோட்டங்களிலே செயற்கைக் குகைகளையும் நீரூற்றுகளையும் சிப்பியாலும் சங்காலும் கூழாங்கற்களாலும் அழகு செய்யும் வேலைப்பாட்டுக்குப் பிரெஞ்சு மொழியில் ரொக்காய் என்று பெயர். அச்சொல்லைத் திரித்து, பின்வந்த தலைமுறையினர் ஏளனமாக இட்ட பெயரே ரொக்கோக்கோ. காலப்போக்கில் ஏளனம் மறைந்து பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்பாணியின் ஓவியர் விரும்பித் தீட்டிய பொருள்களுள் தலையாயது, கிரேக்க உரோமானியத் தேவர்களின் காதல். காதல் தேவி வீனஸ், அவள் மகனாகிய க்யூபிட், தேவர்க்கரசனாகிய ஜூபிடர், வேட்டைத் தேவி டயானா முதலியோரே இவர்களுடைய ஓவியங்களின் மாந்தர். இவர்களுடைய கதைகளுக்குப் பெரும் கருவூலமாக விளங்கியது, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ஓவிட் என்னும் உரோமானியக் கவிஞர் இலத்தீன் மொழியில் இயற்றிய ‘உருமாற்றங்கள்’ என்னும் 15 காண்டப் பெருநூல். கல்வியறிவுடைய பிரெஞ்சு மக்கள் அனைவரும் அக்கதைகளை அறிந்திருந்தனர். இதனை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஓவியர் விட்டதைத் தம் மனத்தால் இட்டு நிரப்ப அன்றைய பார்வையாளரால் முடிந்தது.

ஓவியத்தில் தேவர்களின் காதல் இவ்வளவு செல்வாக்குப் பெற்றது எவ்வாறு? இதற்கு விடை காண, முந்திய அரசனின் காலத்திற்குச் சற்றுச் சென்று வருவோம். பதினான்காம் லூயி தன்னைச் சூரியனாகக் கருதிக்கொண்டான். வெர்சேல்ஸ் அரண்மனையின் விதானங்களிலும் பூங்காவின் நீர்த்தடாகங்களிலும் சூரியக் கடவுளாகிய அப்போலோ கோலோச்சினார். தேவர்கள் அங்கே அரசனின் பெருமையைப் பறைசாற்றும் ஊழியர்களாக இருந்தனர். 1715ஆம் ஆண்டில் அம்மன்னன் மறைந்தபோது, அவனுடைய கொள்ளுப்பேரனாகிய பதினைந்தாம் லூயிக்கு வயது ஐந்து. ஆட்சிப் பொறுப்பு ஓர்லியான் கோமகனிடம் சென்றது. அரசவை வெர்சேல்ஸை விட்டுப் பாரிஸுக்கு வந்தது. பிரபுக்கள் நகரத்திலே புதிய மாளிகைகளைக் கட்டிக்கொண்டனர்.

அம்மாளிகைகளில் மாபெரும் மண்டபங்களைக் காட்டிலும் சிறிய கூடங்களும் தனியறைகளும் மிகுந்திருந்தன. வெள்ளையும் பொன்னும் இழைத்த சுவர்ப் பலகைகள், உயரமான கண்ணாடிகள், கதவுக்கு மேலே ஓவியத்திற்கென்றே விடப்பட்ட வளைவான இடங்கள் என்று அவற்றின் அமைப்பே மாறியது. அவ்விடங்களில் போர்க்களக் காட்சி பொருந்துமோ? அரசியல் பெருமிதந்தான் பொருந்துமோ? உரையாடலுக்கும் இசைக்கும் ஓய்வுக்கும் உரிய அறைகள் அவை. ஆதலின் விதானத்தில் இருந்த தேவர்கள் கீழே இறங்கி, கட்டிலறைக்கும் வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தனர்.

இன்னொரு காரணமும் உண்டு. 1648இல் நிறுவப்பட்ட அரச ஓவியக் கழகம் ஓவியங்களைத் தரம் பிரித்திருந்தது. வரலாறு, சமயம், புராணம் ஆகியவற்றைத் தீட்டுவோருக்கே முதலிடம். மனிதனின் உருவப்படமும் இயற்கைக் காட்சியும் மலரும் கனியும் அதற்குக் கீழேதான். ஆடை களைந்த ஒரு பாரிஸ் மங்கையை அப்படியே வரைந்தால் அது இழுக்கு. அவளருகே இரு புறாக்களை வைத்து வீனஸ் என்று பெயரிட்டுவிட்டால், அதே படம் உயர்ந்த கலையின் வரிசையில் சென்று அமர்ந்துவிடும். புராணம் இவ்வாறு ஓவியருக்கு ஓர் அனுமதிச் சீட்டாகவும் பயன்பட்டது.

இப்பாணியின் தொடக்கத்தில் நிற்பவர் அந்துவான் வாத்தோ. 1684இல் பிறந்து, காசநோயால் 1721இல் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தவர். அரச ஓவியக் கழகத்தில் முழு உறுப்பினராவதற்கு அவர் 1717இல் அளித்த ஓவியம், ‘சித்தேராத் தீவுக்கு யாத்திரை’ என்பது. சித்தேரா, கிரேக்க நாட்டின் தென்கோடிக்கு அப்பால் உள்ள தீவு. வீனஸுக்கு உரியதாகக் கருதப்பட்டது. ஓவியத்தின் வலப்புறத்தில் உரோசா மலர் சூட்டிய வீனஸின் கற்சிலை ஒன்று மரநிழலில் நிற்கிறது. அதன் அடியில் ஓர் இணையர் அமர்ந்திருக்கின்றனர். அடுத்த இணையர் எழுகின்றனர். மூன்றாம் இணையர் நடக்கத் தொடங்கிவிட்டனர். அவருள் பெண்மட்டும் தலையைத் திருப்பிப் பின்னே நோக்குகிறாள். இடப்புறத்தே நீர்க்கரையில் படகு காத்திருக்க, அதைச் சுற்றிச் சிறகு முளைத்த குழந்தைகள் பறக்கின்றனர்.

பெயரைக் கண்டு, இவர்கள் தீவுக்குப் புறப்படுகின்றனர் என்றே நெடுங்காலம் எண்ணினர். மைக்கேல் லெவி என்னும் ஆங்கிலக் கலை வரலாற்றாசிரியர் 1961இல் வேறொரு கருத்தைக் கூறினார். வீனஸின் சிலைதான் ஓவியத்திலேயே இருக்கிறதே; ஆதலால் இவர்கள் தீவில்தான் இருக்கின்றனர்; இன்பநாள் முடிந்து திரும்புகின்றனர் என்றார் அவர். இரு கருத்துக்கும் இன்றளவும் ஆதரவாளர் உண்டு. எவ்வாறு கொண்டாலும், பின்னே திரும்பும் அப்பெண்ணின் பார்வை நம் மனத்தைத் தொடாமற்போகாது. இன்பத்தின் நடுவிலேயே அதன் முடிவையும் உணர்ந்தவர் வாத்தோ. அவர் ஓவியத்தில் மனிதர் உயிரோடு உலவுகின்றனர். தேவி கல்லாக நிற்கிறாள்.

வாத்தோவுக்குப் பின் வந்தோர் அக்கல்லுக்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். பிரான்சுவா லெமுவான் 1724இல் தீட்டிய ‘ஹெர்குலிஸும் ஓம்பேலியும்’ என்னும் ஓவியத்தைக் கருதுவோம். பன்னிரு அருஞ்செயல் புரிந்த பெருவீரன் ஹெர்குலிஸ், ஒரு கொலைக்குக் கழுவாயாக லிடியா நாட்டு அரசி ஓம்பேலிக்கு அடிமையாக விற்கப்படுகிறான். நாளடைவில் அவள்மீது காதல் கொள்கிறான். ஓவியத்தில் அவன் கையிலே நூல் நூற்கும் கோலும் கதிரும் இருக்கின்றன. அவனுடைய சிங்கத் தோலையும் கதையையும் அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் கண்ணால் பருகுகின்றனர். அடிமைத்தனம் என்னும் நினைவே நமக்கு எழாதவாறு, பொன்னொளி அவர்கள் மேனியில் படர்ந்திருக்கிறது. இந்த லெமுவான் வெர்சேல்ஸ் அரண்மனையில் ஹெர்குலிஸ் தேவனாகும் காட்சியை மாபெரும் விதான ஓவியமாகத் தீட்டி 1736இல் முடித்தார். மன்னனின் முதல் ஓவியர் என்னும் பட்டமும் பெற்றார். அடுத்த ஆண்டே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய மாணவர் இருவர் பெரும்புகழ் எய்தினர். ஒருவர் சார்ல் நத்துவார். மற்றவர் பிரான்சுவா பூஷே.

நத்துவாரின் சிறந்த படைப்பைக் காண விரும்புவோர் பாரிஸில் உள்ள சூபீஸ் மாளிகைக்குச் செல்ல வேண்டும். 1808 முதல் அம்மாளிகை பிரெஞ்சு நாட்டு ஆவணக் களரியாக இருந்துவருகிறது. சூபீஸ் இளவரசர் 1732இல், தம் அறுபது வயதுக்கு மேல், பத்தொன்பது வயதான ஓர் இளம் விதவையை மறுமணம் செய்துகொண்டார். அவளுக்காக ஜெர்மான் பொஃபிரான் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த நீள்வட்டக் கூடத்தில், சுவரும் விதானமும் தழுவும் இடத்திலே, நத்துவாரின் எட்டு ஓவியங்கள் 1737 முதல் 1739 வரை தீட்டிப் பதிக்கப்பெற்றன. அவை கூறுவது சைக்கி என்னும் மானிடப் பெண்ணின் கதை.

சைக்கியின் பேரழகைக் கண்டு பொறாமையுற்ற வீனஸ், அவளைத் துன்புறுத்தத் தன் மகன் க்யூபிட்டை ஏவுகிறாள். அவனோ அவள்மீதே காதல் கொண்டு, ஓர் அற்புத மாளிகையில் அவளைக் குடியேற்றி, இருளில் மட்டும் அவளிடம் வருகிறான். தன் முகத்தைக் காண முயலலாகாது என்று அவன் விதித்த விதியை, தமக்கையரின் சொல்கேட்டு அவள் மீறுகிறாள். விளக்கை ஏந்தி, உறங்குபவனைக் காண்கிறாள். விளக்கின் எண்ணெய்த் துளி அவன்மேல் விழ, அவன் விழித்துப் பறந்து மறைகிறான். அவள் ஆற்றில் விழுந்து உயிர்விடத் துணிகிறாள். வீனஸின் கொடுமைகளுக்கு ஆளாகிறாள். இறுதியில் தேவருலகம் சேர்கிறாள்.

நத்துவார் துயரத்தை முழுதும் ஒதுக்கிவிடவில்லை. நீரிலிருந்து சைக்கியின் உடலைத் தேவமகளிர் எடுக்கும் காட்சியும், வீனஸின் முன்னே அவள் அச்சத்தால் மயங்கி வீழும் காட்சியும் அக்கூடத்தில் உள்ளன. ஆயினும் வெள்ளையும் பொன்னும் நீல விதானமும் சேர்ந்து அத்துயரத்தையும் ஓர் இனிய கனவாக்கிவிடுகின்றன. இக்கதையின் நாயகி, தான் மணந்தவன் யார் என்று அறியாது வாழ்ந்தவள். முதிய கணவனின் மாளிகைக்கு வந்த இளம்பெண் தன் கூடத்திலே நாள்தோறும் அண்ணாந்து கண்டது இக்கதையைத்தான் என்பதை எண்ணுகையில், அவ்வோவியங்கள் நமக்கு வெறும் அலங்காரமாகத் தோன்றுவதில்லை.

இனி, பூஷேயிடம் வருவோம். 1703இல் பிறந்து 1770இல் மறைந்த இவரே தேவர்களின் காதலை எல்லாரினும் மிகுதியாகத் தீட்டியவர். இத்தாலியில் பயின்று திரும்பிய சிறிது காலத்தில், பாரிஸ் வழக்கறிஞர் ஒருவரின் இல்லத்திற்காக 1732இல் ‘வல்கனிடம் படைக்கலம் வேண்டும் வீனஸ்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். தேவர்களின் கொல்லன் வல்கன், வீனஸின் கணவன். வீனஸ் அவனிடம் போர்க்கருவிகள் கேட்பது தன் மகன் ஈனியஸுக்காக. அம்மகனோ அவள் அங்கைசீஸ் என்னும் மானிடனுக்குப் பெற்ற பிள்ளை. கணவனிடம் மனைவி கேட்கும் இவ்வரத்தில் எத்துணைக் கசப்பு இருத்தல் கூடும்! பூஷேயின் ஓவியத்தில் அதன் சாயலே இல்லை. மேகத்தின்மீது முத்துப்போன்ற மேனியளாய் வீனஸ் சாய்ந்திருக்கிறாள். கீழே அமர்ந்த வல்கன் கருத்த தோளும் முறுக்கிய தசையுமாக அவளை அண்ணாந்து நோக்குகிறான். அவனுடைய வெம்மையான செந்நிறமும் அவளுடைய குளிர்ந்த வெண்ணிறமும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. வண்ணத்தாலேயே காதலைச் சொல்லிவிடும் திறமை இது.

அத்திறமையின் உச்சியை 1752, 1753ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டிய சூரிய அத்தமனம், சூரிய உதயம் ஆகிய இரு பெரும் ஓவியங்களில் காணலாம். கோபெலான் நெசவுச்சாலையில் சித்திரத் திரைகளாக நெய்வதற்கு மாதிரியாக வரையப்பட்டவை அவை. மன்னனின் காதலியாகிய மதாம் தெ பொம்பதூர் அவற்றைத் தன் பெல்வூ மாளிகையில் வைத்திருந்தாள். இன்று அவை இலண்டன் வாலஸ் காட்சிச்சாலையில் உள்ளன. பகல் முழுதும் தேரோட்டிய அப்போலோ, மாலையில் கடலுக்குள் இறங்கித் தன் அன்புக்குரிய கடல் தேவியிடம் திரும்புகிறான். வெர்சேல்ஸில் அரசாண்ட சூரியக் கடவுள், நாற்பது ஆண்டுகளுக்குள் காதலியின் வீட்டுக்குத் திரும்பும் தலைவனாகிவிட்டான். பிரெஞ்சு நாட்டு அரசவாழ்வு அடைந்த மாற்றத்தை இதனினும் தெளிவாக எந்த வரலாற்று நூல் கூறிவிட முடியும்?

இங்கே நாம் சற்று நின்று, ஒரு வினாவை எழுப்ப வேண்டும். இவ்வோவியங்களில் காதல் என்று காட்டப்படுவதெல்லாம் காதல்தானா?

பூஷே பலமுறை திரும்பத் திரும்பத் தீட்டிய கதை ஒன்று உண்டு. டயானாவின் தோழியருள் கலிஸ்டோ என்பவள் ஒருத்தி. ஆடவரை நாடுவதில்லை என்று நோன்பு பூண்டவள். அவளை விரும்பிய ஜூபிடர், தன் உருவில் சென்றால் ஓடிவிடுவாள் என்று கருதி, அவள் தலைவியாகிய டயானாவின் உருவத்தையே எடுத்துக்கொண்டு வருகிறான். இந்திரன் கௌதமரின் வடிவில் வந்த கதையை அறிந்த நமக்கு இவ்வஞ்சகம் புதிதன்று. 1763இல் பூஷே தீட்டிய இக்காட்சி நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. நெற்றியில் பிறை சூடிய டயானா, தன் தோழியை அன்போடு நோக்குகிறாள். கலிஸ்டோ நம்பிக்கையோடு நிமிர்ந்து பார்க்கிறாள். மேலே குழந்தைகள் பறக்கின்றனர். ஜூபிடரின் ஊர்தியாகிய கழுகு ஒன்றே உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. அதனைக் கவனியாதவர், இருவர் தோழமையின் இனிய காட்சி என்றே இதனைக் கொள்வர்.

ஓவிட்டின் நூலில் கதை இவ்விடத்தில் முடியவில்லை. வஞ்சகம் வெளிப்பட்டதும் கலிஸ்டோ தன்னால் இயன்ற மட்டும் போராடுகிறாள். தேவர்க்கரசனை வெல்ல யாரால் இயலும்? மாதங்கள் கழிகின்றன. நீராடும் துறையில் அவளுடைய கருப்பம் வெளிப்பட, உண்மையான டயானா அவளைத் துரத்திவிடுகிறாள். ஜூபிடரின் மனைவி ஜூனோ அவளைக் கரடியாக உருமாற்றுகிறாள். பெண்ணின் மனமும் கரடியின் உடலுமாக அவள் காட்டில் அலைகிறாள். பல ஆண்டுகளுக்குப் பின், அவள் பெற்ற மகனே வேட்டைக்கு வந்து, தாயென்று அறியாது அவள்மீது ஈட்டியை ஓங்குகிறான். அப்போதுதான் ஜூபிடர் இருவரையும் வானுக்கு எடுத்து விண்மீன்களாக்குகிறான். நாம் சப்தரிஷி மண்டலம் என்று கூறும் ஏழு மீன்களையும் தன்னுள்ளே கொண்ட கூட்டத்தைத்தான் மேலைநாட்டார் பெருங்கரடி என்கின்றனர். குற்றம் செய்தவன் அரியணையில் இருக்கிறான். குற்றமற்றவள் மூன்று தண்டனை பெறுகிறாள்.

யூரோப்பாவின் கதையும் இத்தகையதே. ஜூபிடர் வெள்ளைக் காளையாக வந்து, கடற்கரையில் தோழியரோடு விளையாடும் இளவரசியை முதுகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுபோய்விடுகிறான். 1747இல் பூஷே தீட்டி இப்போது லூவர் காட்சிச்சாலையில் உள்ள ஓவியத்தில், காளை மண்டியிட்டிருக்கிறது, பூச்சூடியிருக்கிறது, அவள் அதன்மேல் அமர்ந்திருக்கத் தோழியர் சூழ்ந்திருக்கின்றனர். இன்னும் ஒரு நொடியில் அது எழுந்துவிடும். அந்த நொடியை ஓவியர் நமக்குக் காட்டுவதில்லை.

ஓவியருக்காக வாதாடுவோரும் உண்டு. ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1766இல் வெளியிட்ட ‘லாவோக்கோன்’ என்னும் நூலில், கவிஞனுக்குக் காலம் முழுதும் உரியது, ஓவியனுக்கு ஒரே ஒரு கணந்தான் உரியது என்று விளக்கினார். ஒரு கணத்தை மட்டும் காட்ட இயன்றவன் முழுக்கதையையும் காட்டவில்லை என்று குறைகூறுதல் முறையாகுமா? ஆகாதுதான். ஆனால் பல கணங்களுள் எந்தக் கணத்தைத் தேர்ந்துகொள்வது என்பது ஓவியனின் கையில் இருந்தது. துயரத்திற்கு முந்திய கணத்தையே மீண்டும் மீண்டும் தேர்ந்துகொண்டனர் இவர்கள். இல்லத்தை அழகு செய்ய விரும்பிய செல்வர் வேண்டியதும் அதுவே. வாங்குவோரின் விருப்பம் தூரிகையின் நுனிவரை வந்து நின்றது.

பூஷேயின் காலத்திலேயே அவரைக் கண்டித்தவர் தெனி தீதரோ. கலைக்களஞ்சியம் தொகுத்த அப்பேரறிஞர், லூவர் அரண்மனையில் நடைபெற்ற சலோன் என்னும் ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி விரிவாக எழுதிவந்தார். அக்கட்டுரைகள் கையெழுத்துப் படிகளாக ஐரோப்பிய மன்னர் சிலருக்கு மட்டுமே சென்றன. பூஷேயிடம் எல்லாத் திறமையும் உண்டு, உண்மை மட்டும் இல்லை என்னும் கருத்தை அவர் 1761இல் வெளியிட்டார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் இன்னும் கடுமையாகச் சாடினார். அதே 1765இல் பூஷே மன்னனின் முதல் ஓவியராக உயர்ந்தார் என்பது வேடிக்கை. தீதரோவுக்குப் பூஷேயின் வண்ணமும் பொய்யாகத் தோன்றியது; ஒழுக்கமும் தளர்ந்ததாகத் தோன்றியது. கலிஸ்டோவுக்காகப் பரிந்து பேசும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் உண்மை எங்கே என்று அவர் கேட்ட வினாவை நாம் கதைகளின் பக்கமும் திருப்பலாம்.

அவ்வாண்டுக் கண்காட்சியிலேயே ஒரு புதுமை நிகழ்ந்தது. பூஷேயிடம் சிலகாலம் பயின்ற ஒனொரே ஃபிராகொனார், மூன்று மீட்டர் உயரமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட ஓவியம் ஒன்றை வைத்தார். காதலின் துயரத்தை நேர்நின்று காட்டிய ஓவியம் அது. கொரேசஸ் ஒரு பூசகன், கலிரோவி என்னும் பெண்ணை விரும்பினான், அவள் மறுத்தாள். அவன் தன் தெய்வத்திடம் முறையிட, நாட்டை ஒரு கொடிய பிணி பற்றியது. கலிரோவியையோ, அவளுக்காக உயிர்தர முன்வருவோர் ஒருவரையோ பலியிட்டாலன்றிப் பிணி தீராது என்றது தெய்வவாக்கு. ஒருவரும் முன்வரவில்லை. பலிபீடத்தில் அவள் மயங்கிக் கிடக்க, பலியிட வேண்டிய கொரேசஸே கத்தியைத் தன் மார்பில் பாய்ச்சிக்கொள்கிறான். அந்தக் கணத்தைத் தேர்ந்துகொண்டார் ஃபிராகொனார். சூழ்ந்திருப்போரின் முகங்களில் திகில், தூண்களுக்கிடையே புகை, வெண்மையாக ஒளிரும் இரு உடல்கள். தீதரோ இதனை ஒரு கனவில் கண்டதுபோல வருணித்து எழுதினார். அரசு அவ்வோவியத்தை வாங்கிக்கொண்டது.

ஆனால் ஃபிராகொனார் அவ்வழியில் தொடரவில்லை. தனிச்செல்வரின் இல்லங்களுக்கே மிகுதியும் வரைந்தார். மன்னனின் கடைசிக் காதலியாகிய மதாம் து பாரியின் லூவசியென் மண்டபத்திற்காக 1771, 1772ஆம் ஆண்டுகளில் ‘காதலின் வளர்ச்சி’ என்னும் நான்கு பெரும் ஓவியங்களைத் தீட்டினார். பூத்துக் குலுங்கும் தோட்டத்தில் இளங்காதலர் சந்திக்கின்றனர், கடிதங்களைப் படிக்கின்றனர், மாலை சூடுகின்றனர். வீனஸும் க்யூபிட்டும் அத்தோட்டத்திலே கற்சிலைகளாக நிற்கின்றனர். வாத்தோவில் தொடங்கிய வட்டம் இங்கே முடிந்தது. தேவர்கள் மீண்டும் கல்லாயினர். ஆனால் அவ்வோவியங்கள் ஏற்கப்படவில்லை. அவற்றைத் திருப்பியனுப்பிவிட்டு, பழங்கிரேக்கப் பாணியில் வரைந்த ஜோசப் வியன் என்பாரின் படங்களை அங்கே மாட்டினர். ஃபிராகொனார் அவற்றைச் சுருட்டி வைத்திருந்து, 1790இல் தாம் பிறந்த கிராஸ் நகருக்கு எடுத்துச் சென்றார். பல கைகள் மாறி, இன்று அவை நியூயார்க்கில் ஃபிரிக் காட்சிச்சாலையில் உள்ளன.

1789இல் புரட்சி வெடித்தது. து பாரி 1793இல் கொலைப்பொறிக்கு இரையானாள். வியனின் மாணவராகிய ழாக் லூயி தாவீதின் கண்டிப்பான பாணி நாட்டை ஆண்டது. வீரமும் நாட்டுப்பற்றும் ஓவியத்தின் பொருளாயின. வாத்தோவின் சித்தேரா ஓவியத்தின்மீது தாவீதின் மாணவர் ரொட்டி உருண்டைகளை வீசி விளையாடினர் என்று கூறுவர். ஆயினும் அதே தாவீத், முதிர்ந்து வறுமையுற்ற ஃபிராகொனாருக்கு லூவர் காட்சிச்சாலையில் ஒரு பணி தேடித் தந்தார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. 1806இல் ஃபிராகொனார் மறைந்தபோது அவரை உலகம் ஏறத்தாழ மறந்திருந்தது. கோன்கூர் சகோதரர் 1859 முதல் எழுதிய நூல்களும், லா காஸ் என்னும் மருத்துவர் 1869இல் லூவருக்கு விட்டுச்சென்ற ஓவியச் செல்வமும் அப்பாணிக்கு மீண்டும் மதிப்புத் தேடித் தந்தன.

இவ்வோவியங்களை நாம் எவ்வாறு காண வேண்டும்? ஒழுக்கத்தின் பெயரால் ஒதுக்கிவிடுதல் எளிது. அழகின் பெயரால் எல்லாவற்றையும் மறந்து மயங்குவதும் எளிது. இன்பத்தைத் தீட்டுவது இழிவன்று. காலை வெயில் தோளில் படுவதையும் நீர்த்துளி மேனியில் மின்னுவதையும் பூஷேயைப்போல் அறிந்து தீட்டியவர் மிகச் சிலரே. அக்கலையை மனமார நுகர்வோம். நுகர்கையிலே கதையையும் உடன் நினைப்போம். கலிஸ்டோ நிமிர்ந்து பார்க்கும் அந்த நம்பிக்கை நிறைந்த முகம் ஏமாற்றப்படப் போகும் முகம் என்பதை அறிந்து காண்பவர்க்கு, அவ்வோவியத்தின் அழகு குறைந்துவிடாது. அதன் பொருள் ஆழமாகும். கழுகை ஓவியரே ஒரு மூலையில் வரைந்து வைத்திருக்கிறார். அதனைக் கண்டுகொள்ளும் பொறுப்பு நம்முடையது.